மார்ஜோரம்: கொழும்புச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ஜோரம் வாங்கும் பலர் அதை ஓரிரு தடவை பாவித்துவிட்டு அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். "வாசமே இல்லை" என்பதுதான் வழக்கமான புகார். பெரும்பாலும் பிழை இலையில் இல்லை. மிளகாய்த்தூள், மல்லித்தூள் போடும்போதே இதையும் போட்டு, அரை மணித்தியாலம் கொதிக்க விட்டால் எந்த மென்மையான வாசமும் ஆவியோடு போய்விடும். மார்ஜோரம் தாளிக்கிற சரக்கு அல்ல, இறக்கும் நேரத்தில் தூவுகிற இலை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பருப்பிலிருந்து கட்லட் வரை நம் வீட்டுச் சாப்பாட்டில் இதற்கு நிறைய இடம் இருக்கிறது.

இது துளசி, புதினா, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்துச் செடி. தாவரவியல் பெயர் ஓரிகானம் மஜோரானா. தமிழில் மரு என்பார்கள். பிறந்த இடம் சைப்பிரஸும் தெற்குத் துருக்கியும். இன்று உலகச் சந்தைக்கு வரும் காய்ந்த மார்ஜோரத்தில் பெரும்பங்கு எகிப்தில் விளைகிறது. பீட்ஸாவில் போடும் ஒரிகானோ இதற்கு நெருங்கிய சொந்தம். ஆனால் ஒரிகானோவின் காரமான, நாக்கைச் சுடுகிற வாசத்துக்குக் காரணமான கார்வக்ரோல் இதில் மிகக் குறைவு. மார்ஜோரத்தின் வாசத்தை உண்டாக்குவது சபினீன் ஹைட்ரேட், டெர்பினீன்-4-ஓல் என்ற வேறு இரண்டு வாசனைப் பொருட்கள்தான். அதனால்தான் லேசான இனிப்பும், பைன் மர வாசமும், கொஞ்சம் எலுமிச்சைச் சாயலும் வருகின்றன. ஒரிகானோ பிடிக்காதவர்களுக்கும் இது பிடித்துப்போவதுண்டு.

வாங்குவது

கொழும்பில் காய்ந்த மார்ஜோரம் தேடுவது கஷ்டமில்லை. கீல்ஸ், கார்கில்ஸ் போன்ற சுப்பர்மார்க்கெட்டுகளில் தைம், ரோஸ்மேரி இருக்கும் தட்டில் பாருங்கள். பெரிய கிளைகளில் கிடைக்க வாய்ப்பு அதிகம். புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கினால் மலிவாக இருக்கலாம். ஆனாலும் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். இது ஒரு வீட்டில் மெதுவாகத்தான் முடியும். கொழும்பின் ஈரக்காற்றில் 200 கிராம் பொதியைத் திறந்து வைத்தால் கால்வாசி தீருவதற்குள் மீதி செத்துவிடும். சின்னக் குப்பியாக, 10 அல்லது 20 கிராம் அளவில் வாங்குங்கள்.

இலை சாம்பல் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு நிறத்துக்குப் போயிருந்தால் பழையது. குச்சிகள் நிறைய இருந்தால் தரம் குறைவு. தூளாக அரைத்ததை வாங்கவே வேண்டாம், அதில் வாசம் முதலிலேயே பாதி போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டு மற்றக் கையின் பெருவிரலால் தேயுங்கள். இனிப்பான வாசம் உடனே எழ வேண்டும். வைக்கோல் வாசம் மட்டும் வந்தால், அந்தக் குப்பியை வைத்து எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் பயனில்லை.

பூக்கட்டில் சேர்க்கும் மரிக்கொழுந்தை மார்ஜோரம் என்று நினைத்துச் சட்டியில் போட்டுவிட வேண்டாம். அது வெள்ளி பூசியது போன்ற இலையுடைய வேறு குடும்பத்துச் செடி. அதோடு, மாலைக்காக வளர்க்கிற எந்த இலைக்கும் என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கான இலையைச் சாப்பாட்டுக் கடையிலேயே வாங்குவதுதான் நல்லது.

வைப்பது

கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி, அடுப்பிலிருந்து தள்ளிய இருட்டான தட்டு. இவ்வளவும் எல்லோரும் சொல்வதுதான். எங்கள் ஊருக்கு இன்னொன்று முக்கியம்: கொதிக்கிற சட்டிக்கு மேலே குப்பியைப் பிடித்து உதறக் கூடாது. நீராவி உள்ளே போகும், இலை ஈரமாகிக் கட்டிபடும், சில கிழமைகளில் பூஞ்சை வாசம் வரும். கரண்டியில் எடுத்து, மூடியைப் போட்டுவிட்டு, அப்புறம் சட்டிக்குப் போங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஆறு மாதம் நன்றாக இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

அளவும் நேரமும்

காய்ந்த இலை ஒரு தேக்கரண்டி என்றால் பச்சை இலை ஒரு மேசைக்கரண்டி, அதாவது மூன்று மடங்கு. நான்கு பேருக்குச் சமைக்கிற சட்டிக்கு காய்ந்தது அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். மார்ஜோரம் கூடிப்போனால் மருந்துக் கசப்பு வரும். உப்பைப் போல இதையும் குறைவாகப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம், குறைக்க முடியாது.

காய்ந்த இலையை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, கையால் கசக்கிப் போடுங்கள். பச்சை இலையை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். கொதிக்கும் எண்ணெயில் நேரடியாக ஒருபோதும் போட வேண்டாம். கடுகு வெடிக்கிற சூட்டில் இந்தச் சின்ன இலை ஒரு நொடியில் கருகிக் கசந்துவிடும்.

மார்ஜோரம் இல்லாதபோது ஒரிகானோ போடலாம். ஆனால் அளவில் மூன்றில் இரண்டு பங்குதான். பல்கணியில் கற்பூரவள்ளி இருக்கிறதென்றால் அதில் ஒரு சின்ன இலையை மிக மெல்லியதாக வெட்டிச் சேர்க்கலாம். அது தனக்கென்று வலுவான வாசம் உள்ளது, எனவே அதை மாற்று என்று சொல்வதைவிட வேறொரு நல்ல சுவை என்று சொல்வதே சரி.

எந்தச் சாப்பாட்டில் போடலாம்

மார்ஜோரம் நீண்டகாலமாக வாழ்கிற சமையலறைகளைப் பார்த்தால் ஒரு வழி தெரியும். ஜெர்மனியில் சோசேஜிலும், உருளைக்கிழங்கு சூப்பிலும், உடைத்த பட்டாணி சூப்பிலும் போடுகிறார்கள். போலந்தில் சுரெக் என்ற புளித்த கம்பு மாவுச் சூப் இதில்லாமல் முழுமையாகாது. கொழுப்பு, மாச்சத்து, பருப்பு: இந்த மூன்றோடும் மார்ஜோரம் இயல்பாகச் சேரும். நம் வீட்டில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை.

முதலில் பருப்பில் முயற்சி செய்யுங்கள், செலவும் குறைவு, சட்டென்று வித்தியாசம் தெரியும். ஒரு கோப்பை மைசூர்ப் பருப்பைக் கழுவி, மஞ்சள், இரண்டு பல் உள்ளி, வெட்டிய ஒரு பச்சை மிளகாய் சேர்த்து, பருப்பு மூழ்கி மேலே ஒரு விரல் அளவு தண்ணீர் நிற்கும்படி அவியுங்கள். பருப்பு குழைந்ததும் அரைக் கோப்பை தேங்காய்ப் பாலும் உப்பும் போட்டு ஒரு கொதி வந்தவுடன் தணலைக் குறையுங்கள். இப்போது அரைத் தேக்கரண்டி மார்ஜோரத்தைக் கசக்கிப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். தாளிதத்துக்குச் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் மட்டும் போதும். கறிவேப்பிலை, றம்பை, கறுவா மூன்றையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அவை இருந்தால் மார்ஜோரம் போட்டதே தெரியாது. இது வழக்கமான பருப்புக் கறிக்குப் பதில் அல்ல, பாணோடு சாப்பிடுகிற இன்னொரு பருப்பு.

அடுத்து, மாலை நேரத்துச் சிற்றுண்டி. கட்லட், ரோல்ஸ், பற்றீஸ் மூன்றுக்கும் உள்ளே போகிறது உருளைக்கிழங்கும் மீனும் மிளகும்தான். மார்ஜோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த நகரத்தில் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். 500 கிராம் உருளைக்கிழங்கை அவித்து மசியுங்கள். ஒரு டின் மீனை வடித்து முள் நீக்கி உதிர்த்து வையுங்கள். வெங்காயம், பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கி, மீனைப் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறி, தாராளமாக மிளகுத்தூள் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் பிறகே ஒரு தேக்கரண்டி மார்ஜோரம், உருளைக்கிழங்கு, அரைத் தேசிக்காய்ச் சாறு. ஆறியதும் உப்புப் பார்த்து உருட்டுங்கள். பொரிக்கும்போது எண்ணெய்ச் சூடு வெளியே உள்ள பாண் தூளோடு நின்றுவிடுவதால் உள்ளே இருக்கிற இலை கருகாது. டின் மீனின் கடுமையான வாசத்தை இது அழகாக அடக்குகிறது. மீன் வேண்டாம் என்பவர்கள் காளான் அல்லது சோயாவில் செய்யலாம். காளானோடு இன்னும் நன்றாக இருக்கும்.

மழைக்கால இரவுக்கு ஒரு சூப்பும் இருக்கிறது. நுவரெலியா லீக்ஸ் இரண்டை நன்றாகக் கழுவி வட்டமாக வெட்டுங்கள், தண்டுகளுக்கு நடுவில் மண் ஒளிந்திருக்கும். ஒரு மேசைக்கரண்டி பட்டரில் மூன்று பல் உள்ளியோடு நிறம் மாறாமல் வதக்குங்கள். தோல் சீவிய 500 கிராம் உருளைக்கிழங்கைச் சின்னத் துண்டாக்கிப் போட்டு, ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் அவியுங்கள். பாதியை அகப்பையால் மசித்து மீதியைத் துண்டாகவே விடுங்கள், முழுக்க அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும். ஒரு தேக்கரண்டி மார்ஜோரம், உப்பு, மிளகு, அரைக் கோப்பை பால். ஐந்து நிமிடத்தில் இறக்கி, ரோஸ் பாண் துண்டோடு சாப்பிடுங்கள்.

அதே ரோஸ் பாணுக்கு மார்ஜோரம் பட்டரும் செய்து வைக்கலாம். 100 கிராம் மென்மையான பட்டரில் ஒரு பல் உள்ளியை அரைத்துச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி பச்சை இலை அல்லது ஒரு தேக்கரண்டி காய்ந்த இலை போட்டுப் பிசைந்து பிரிஜ்ஜில் வையுங்கள். முட்டைப் பொரியல், அவித்த போஞ்சி, கரட், சோளம் எதன் மேலும் ஒரு சின்னக் கட்டி போதும். நத்தாருக்குக் கோழி ரோஸ்ட் செய்கிற வீடுகளில் இந்தப் பட்டரைத் தோலுக்கு அடியில் தடவுங்கள். தோலுக்கு மேலே தடவினால் இலை கருகும்.

எதில் வேண்டாம்? கொறுக்காப்புளி போட்ட மீன் கறி, மாசிச் சம்பல், வறுத்த தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறி. அவற்றுக்கு அவற்றின் சரக்கே போதும்.

மார்ஜோரம் தேநீர்

ஒரு தேக்கரண்டி காய்ந்த இலைக்கு 200 மில்லிலீற்றர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் இலையின் மேல் ஊற்றுங்கள். மூடி வைப்பது கட்டாயம், ஏனென்றால் நமக்கு வேண்டிய எண்ணெய்கள் ஆவியோடுதான் வெளியேறும். ஏழெட்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். இலையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டாம், கொத்தமல்லி அவிப்பது போன்ற வேலை இதற்கு ஒத்துவராது. ஒரு துண்டு இஞ்சியோ கொஞ்சம் தேனோ சேர்க்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் கழித்து ஒரு கோப்பை, நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

உடம்புக்கு என்ன செய்யும்

மத்தியதரைக் கடல் நாடுகளில் வயிற்றுப் பொருமலுக்கும், வாயுப் பிடிப்புக்கும், தடிமனுக்கும் மார்ஜோரம் நெடுங்காலமாகப் பாவனையில் இருக்கிறது. ஜெர்மன் வீடுகளில் மார்ஜோரம் போட்ட களிம்பு ஒரு பழைய கைமருந்து. சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிற சூடான தேநீர் வயிற்றை இலேசாக்குவதை நீங்களே உணரலாம். இந்த அளவுக்கு நம்பிக் குடிக்கலாம்.

அதற்கு மேலே போகும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். காய்ந்த மார்ஜோரம் 100 கிராமில் சுமார் 83 மில்லிகிராம் இரும்பும், 1,990 மில்லிகிராம் கல்சியமும், 620 மைக்ரோகிராம் விற்றமின் கே-யும் உள்ளன. இந்த எண்களைப் பார்த்துவிட்டு "இரத்தச்சோகைக்கு மார்ஜோரம்" என்று சொல்லிவிடுகிறார்கள். யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு தேக்கரண்டி என்பது 0.6 கிராம்தான், அதில் வருவது அரை மில்லிகிராம் இரும்பும் 12 மில்லிகிராம் கல்சியமும். இரும்புக்குக் கீரையும், கடலையும், மீனும், இறைச்சியும் சாப்பிடுங்கள்.

பெண்களின் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மார்ஜோரம் தேநீர் நல்லது என்ற பேச்சுக்கு ஓர் ஆய்வு அடிப்படையாக உண்டு. ஜோர்தானில் நடந்து 2016இல் வெளியான அந்த ஆய்வில் 25 பெண்கள் பங்குபற்றினார்கள். ஒரு மாதம் நாளுக்கு இரண்டு தடவை மார்ஜோரம் தேநீர் குடித்தவர்களில் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஓர் ஆண் ஹோர்மோனின் அளவு குறைந்தது. நம்பிக்கை தருகிற செய்திதான். ஆனால் 25 பேர், ஒரு மாதம் என்பது ஆரம்பக்கட்ட முயற்சி. அதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. தைவானில் 2012இல் மாதவிடாய் வலிக்கு வாசனை எண்ணெய்க் களிம்பைத் தடவிப் பார்த்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. அந்தக் களிம்பில் மார்ஜோரத்தோடு லவெண்டரும் கிளாரி சேஜ் என்ற மூலிகையும் சேர்ந்தே இருந்தன. ஆகவே அதன் பெருமை முழுவதையும் மார்ஜோரத்துக்கு எழுத முடியாது.

நான் பெரிதாக நினைக்கிற பயன் வேறு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்கச் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அப்பளம், ஊறுகாய், கருவாடு, கடைச் சிற்றுண்டி எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையை மத்தியானத்துக்கு முன்பே தாண்டிவிடுவோம். சூப்பிலும், அவித்த மரக்கறியிலும், முட்டையிலும் உப்பில் கால்வாசியைக் குறைத்து, மார்ஜோரமும் தேசிக்காயும் சேர்த்துப் பாருங்கள். சப்பென்று இராது. உயர் இரத்த அழுத்தம் உள்ள அப்பா, அம்மாவுக்குச் சமைக்கிறவர்களுக்கு இது தினமும் கைகொடுக்கும்.

கவனமாக இருக்க வேண்டியவர்களும் உண்டு. சாப்பாட்டில் போடும் அளவு கர்ப்பிணிகளுக்கும் பிரச்சினை இல்லை. தினமும் கெட்டியான தேநீர், மாத்திரை, எண்ணெய் என்று மருந்தளவில் எடுப்பதைக் கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் தவிருங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, லித்தியம், நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் தேநீரைப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை இருந்தால் இரண்டு கிழமைக்கு முன்பே தேநீரை நிறுத்துங்கள். துளசி, புதினா ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். மார்ஜோரம் எண்ணெய் என்று குப்பியில் விற்பதைக் குடிக்கவே கூடாது, குழந்தைகளின் மூக்குக்கு அருகில் தடவவும் கூடாது.

பல்கணியில் வளர்ப்பது

இங்கே பொறுமை வேண்டும். மார்ஜோரத்துக்கு வெயில் பிடிக்கும், கொழும்பின் வெயிலில் குறையில்லை. அதற்குப் பிடிக்காதது ஈர வேர். இந்த நகரத்தில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. திறந்த வெளியில் வைத்த சாடி மே மாதத் தென்மேல் பருவக்காற்றிலேயே அழுகிவிடும்.

ஜனவரியில் தொடங்குங்கள். அப்போதுதான் மழை குறைந்து செடி காலூன்ற நேரம் கிடைக்கும். விதை தூசி மாதிரி சின்னது. முளைத்தாலும் ஈரத்தில் நாற்று அழுகுவது சாதாரணம். ஆகவே நாற்றாகவே தேடுவது நல்லது. பத்தரமுல்லையில் தியத்த உயனவுக்குள் இருக்கும் செடிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஏற்கனவே வளர்க்கிற ஒருவரிடம் கிளை வாங்குங்கள்.

1. பூ வைக்காத தண்டின் நுனியில் 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை, ஒரு கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். அடிப்பாதி இலைகளை உருவிவிடுங்கள்.
2. ஆற்று மணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்து நனைத்துப் பிழிந்து, ஒரு சின்னக் கோப்பையில் நிரப்பி நடுங்கள். கோப்பையின் அடியில் துளை இருக்க வேண்டும்.
3. மழையும் நேரடி வெயிலும் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மூன்று, நான்கு கிழமையில் வேர் வரும். மெதுவாக இழுத்தால் தண்டு பிடித்துக்கொள்ளும்.
4. பூச்சு இல்லாத மண் சாடிக்கு மாற்றுங்கள், 15 முதல் 20 சென்ரிமீற்றர் வாய் போதும். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள், ஒரு கைப்பிடி நொறுக்கிய முட்டைக்கோது. இந்தச் செடிக்குப் புளிப்பு மண் ஆகாது, முட்டைக்கோது மெதுவாக அதைச் சரிசெய்யும்.

பிளாஸ்டிக் சாடியைவிட மண் சாடி நல்லது, ஈரம் பக்கவாட்டிலும் வெளியேறும். காலை வெயில் ஐந்து, ஆறு மணித்தியாலம் படுகிற, கூரைக்குக் கீழே உள்ள பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். மேல் மண்ணில் விரலை விட்டு, முதல் இரண்டு அங்குலமும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் உப்புக்காற்று இலையில் படியும். கிழமைக்கு ஒரு தடவை காலையில் இலையைக் கழுவினால் சரி.

நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், கிள்ளக் கிள்ளத்தான் புதராகும். நுனியில் சின்ன முடிச்சுகளாக மொட்டு வரும்போது வாசம் உச்சத்தில் இருக்கும். பூ விரியும் முன் வெட்டுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். எங்கள் வெப்பத்தில் செடி ஒரு வருடத்தில் மெலிந்து நீண்டுவிடும். ஒக்டோபர் மழைக்கு முன்பே இரண்டு கிளையை வெட்டி வேர்விட வைத்திருங்கள்.

வெட்டியதை நிழலில் தொங்கவிட்டுக் காயவைப்பது ஐரோப்பிய வழி. கொழும்பில் மே முதல் நவம்பர் வரை அது பூஞ்சையில்தான் முடியும். வெயிலில் போட்டால் நிறமும் வாசமும் போகும். அதற்குப் பதில், கழுவித் துடைத்த கிளைகளை ஒரு தட்டில் கடதாசி விரித்துப் பரப்பி, மூடாமல் பிரிஜ்ஜுக்குள் வையுங்கள். குளிர்ந்த உலர்காற்றில் ஒரு கிழமையளவில் நொறுங்கும் பதத்துக்கு வரும். அதைவிடச் சுலபம், இலைகளை உருவி ஐஸ் தட்டில் பாதியளவு நிரப்பி, மேலே உருக்கிய பட்டரோ தேங்காய் எண்ணெயோ ஊற்றி உறைய வைப்பது. சமைக்கும்போது ஒரு கட்டியை எடுத்து, இறக்கிய பருப்பிலோ சூப்பிலோ நேராகப் போட்டுக் கிளறிவிடுங்கள்.